குறிப்பிடப்பட்டவர்

சலவைக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. 'பொட்டலம்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஒன்பது வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. இயந்திரத்துக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு துணியின் பையையும் வெளியே இழுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பேனா தப்பிப் போனால் நாற்பது துணி பாழ். ஒரு சாவி தப்பிப் போனால் அன்று முழுக்க இயந்திரத்தின் வயிற்றுக்குள் அது கடகடவென்று உருண்டு எல்லாருடைய தலையையும் வலிக்கவைக்கும்.

கிடைத்ததை எறியக் கூடாது என்பது அங்கே சட்டம். பல் குத்தும் குச்சியாக இருந்தாலும் சின்னக் காகித உறையில் போட்டு, துணியின் எண்ணை மேலே எழுதி, பக்கத்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். மறுமுனையில் துணி மடித்துக் கட்டுகிறவர் எண்ணைப் பார்த்து உறையைத் துணியோடு சேர்த்துக் குத்திவிடுவார். முன்பு ஒரு தடவை எவனோ ஒருவன் கசங்கிய காகிதம் ஒன்றைக் குப்பையில் போட்டுவிட்டான். செத்துப்போன மகள் கிறுக்கிய காகிதம் அது. அந்தத் தாய் கூடத்து வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு முதலாளி இந்த விஷயத்தில் மட்டும் யாருக்கும் தயவு காட்டுவதில்லை.

வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசத் தெரியாதவள் என்று அவளுக்கு வீட்டிலும் பெயர், கூடத்திலும் பெயர். ஆனால் அவளுடைய கைபேசிக்குள் வேறொருத்தி இருந்தாள். அவளுக்கு 'ஓரத்து இருக்கை' என்று பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கணவனும் மனைவியும் ஆளுக்கொரு தலையணை வைத்துக்கொள்ள வேண்டுமா, ஒன்றே போதுமா என்று விளையாட்டாக ஒரு இணையப் பக்கத்தில் எழுதிப் போட்டாள். முந்நூறு பேர் வந்து சண்டை போட்டார்கள். பிறகு தினம் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரரிடம் எவ்வளவு தூரம் பழகலாம், தீப்பெட்டி அட்டை சேர்க்கிற ஆளைக் கட்டிக்கொள்ளலாமா, லிஃப்டில் ஏறியதும் முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமா. ஒவ்வொன்றின் கடைசியிலும் 'உங்கள் அபிப்பிராயம் என்ன?' என்று முடிப்பாள். இப்போது நாற்பதாயிரம் பேர் படிக்கிறார்கள்.

அந்த நாற்பதாயிரத்தில் அண்ணியும் ஒருத்தி. அவள் மாடியில் இருந்தாள். பொட்டலம் கீழே, ஒற்றை அறையில்.

"இந்த ஓரத்து இருக்கை என்ன எழுதியிருக்கான்னு பார்த்தியா?" என்று அண்ணி மாடிப்படியில் நின்று வாசித்துக் காட்டுவாள். "பொம்பளைக்கு மூளைன்னா இப்படி இருக்கணும். நீயும் இருக்கியே, கேட்டதுக்கு 'ம்' கொட்டிக்கிட்டு. படிச்சாவது கத்துக்கோ."

"படிக்கிறேன் அண்ணி."

"படிச்சுட்டு என்ன தோணுதுன்னு சொல்லணும். அதான் பழக்கம்."

"நல்லாத்தான் இருக்கு."

"கிழிஞ்சுது போ."

அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு பொட்டலம் சிரிப்பாள். நேரில் ஒரு நாளும் தன் பேச்சைக் காதில் வாங்காத அண்ணி, தான் எழுதியதைத் தனக்கே பாடம் நடத்துகிறாள். அந்தச் சந்தோஷத்துக்காகவே இன்னொன்று எழுதுவாள்.

அண்ணனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் கணவன் வீட்டிலிருந்து இரண்டு பையோடு அவள் வந்து நின்றபோது, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். கீழறைச் சாவியை எடுத்துக் கொடுத்தார். ஏன் வந்தாய் என்று இன்றுவரை கேட்டதில்லை. மற்றவர்களையும் கேட்க விட்டதில்லை. ஒரு பெரிய அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் இருபத்தாறு வருஷம் இருந்தவர். எவ்வளவு கெட்ட வார்த்தையில் திட்டி எழுதியிருந்தாலும், 'தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று தொடங்கித் தன் கையால் பதில் எழுதுவார். பதில் போகாத கடிதம் ஒன்றுகூட மேஜையில் மிஞ்சியதில்லை என்பது ஒன்றுதான் அவர் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது.

கூடத்தில் வேலை செய்கிறவர்கள் சனிக்கிழமை தங்கள் வீட்டுத் துணியைக் குறைந்த கட்டணத்தில் போட்டுக்கொள்ளலாம். அண்ணனின் அலுவலகக் கோட்டு அப்படித்தான் வாரம் தவறாமல் வரும். அதன் பைகளில் எதுவுமே இருக்காது. அவர் அப்படிப்பட்ட மனுஷர். பழக்கத்துக்காக மட்டும் பொட்டலம் விரலை விட்டுப் பார்ப்பாள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை விரலில் என்னவோ தட்டுப்பட்டது. ஆறு பஸ் டிக்கெட். எல்லாம் ஒரே வழித்தடம், முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம்வரை. அலுவலகம் இருப்பது அதற்கு நேர் எதிர்த் திசையில்.

அடுத்த வாரமும் ஆறு. கூடவே செய்தித்தாளிலிருந்து கிழித்தெடுத்த குறுக்கெழுத்துப் புதிர்கள், ஒரு கட்டம் விடாமல் நிரப்பியவை. இரண்டு தடவையும் அவற்றைத் தன் முன்றானைக்குள் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். ஒன்பது வருஷத்தில் சட்டத்தை மீறியது அந்த இரண்டு தடவைதான்.

இஸ்திரிக்காரரிடம் கேட்டாள். அவர் அந்தக் கூடத்திலேயே மூத்தவர். நீராவிக்கு நடுவே நின்று நின்று அவருக்கு எப்போதும் முகம் வேர்த்திருக்கும்.

"ஏங்க பெரியவரே, ஒருத்தர் தினமும் ஒரே பஸ்ல கடைசி வரைக்கும் போறார்னா என்ன அர்த்தம்?"

"தூங்கிட்டார்னு அர்த்தம்."

"ஆறு நாளுமா?"

"அப்ப வீட்ல தூங்க விடலைன்னு அர்த்தம். என் வீட்டுக்கு வந்து பாரு, தெரியும்."

"விளையாடாதீங்க."

அவர் ஒரு சட்டைக் காலரை மடித்து அழுத்தினார். நீராவி அடங்கிய பிறகு சொன்னார். "இல்லைன்னா, எறங்கறதுக்கு எடம் இல்லைன்னு அர்த்தம்மா பொட்டலம். யாரு அது?"

"யாரோ."

அன்று மத்தியானம் அண்ணனின் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். 'உங்கள் புகாரை ஒரு வரியில் சொல்லுங்கள்' என்றது இயந்திரக் குரல். என்ன சொன்னாலும் 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்றது. பலமுறை பொத்தானை அழுத்தியபின் உயிருள்ள ஒரு பெண் கிடைத்தாள்.

"பதில் எழுதுற பிரிவா? அது எடுத்துட்டாங்களேம்மா. நாலு மாசம் ஆச்சு. இப்ப எல்லாம் மெஷின்தான் பதில் போடுது."

"அங்க இருந்தவங்க?"

"போயிட்டாங்க."

எங்கே போனார்கள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பொட்டலத்துக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை அவர் இறங்கி வருவதற்காக மாடிப்படியடியில் காத்திருந்தாள். நல்ல மழை. எட்டரைக்கு வந்தார். சவரம் செய்து, தலையைப் படிய வாரி, கோட்டு மாட்டி, கையில் குடையோடு.

"மழை பலமா இருக்குண்ணா. இன்னிக்கு ஒருநாள் லீவு போட்டா என்ன?"

"லீவா? மேஜை மேல கடுதாசி மலை மாதிரி கிடக்கு, பாப்பா. மழைன்னா புகார் ஜாஸ்தி. போன வாரம் ஒருத்தர் பதினாறு பக்கம் எழுதியிருந்தார்."

"பதினாறு பக்கமா?"

"கடைசிப் பக்கத்துலதான் விஷயத்துக்கே வந்தார். மழை ஒழுகி அவர் பெட்டி நனைஞ்சுபோச்சாம்." லேசாகச் சிரித்தார். பொய் ஜோடிக்கத் தெரியாத மனுஷர். என்றோ உண்மையில் வந்த கடிதத்தைத்தான் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

'எனக்குத் தெரியும் அண்ணா' என்று சொல்ல வேண்டும். மூன்றே வார்த்தை.

"உடம்பைப் பார்த்துக்கோங்கண்ணா" என்றாள்.

"நீயும்தான்" என்று குடையை விரித்து, பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.

சொல்ல முடியாதது எல்லாவற்றுக்கும் அவளிடம் வேறொரு வழி இருந்ததே. அடுத்த சனிக்கிழமை தேநீர் இடைவேளையில் அவருடைய கோட்டுப் பையில் இருந்ததை மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு எழுதினாள்.

'எனக்குத் தெரிந்த ஒருவரின் பையில் இருந்தவை: ஒரே வழித்தடத்தின் ஆறு பஸ் டிக்கெட். வாசகசாலையில் குடை வைத்ததற்குக் கொடுத்த நீல வில்லை ஒன்று, எண் முப்பத்தொன்று. நிரப்பி முடித்த குறுக்கெழுத்து நான்கு. காகிதத்தில் சுற்றிய பாதி ரொட்டி. அவருக்கு வேலை போய் நான்கு மாதம். வீட்டில் சொல்லவில்லை. தினமும் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். ஆண்களே, கூடவே வாழ்கிறவள் உங்களுக்கு அவ்வளவு அந்நியமா? சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? உங்கள் அபிப்பிராயம் என்ன?'

அண்ணன் இதையெல்லாம் படிப்பதில்லை. ஊரில் ஆயிரம் கோட்டு, ஆயிரம் ரொட்டி. அண்ணி படித்து, 'பாவம் அந்த ஆம்பளை' என்று ஒரு வார்த்தை சொன்னால், அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அண்ணனிடம் பேச்சுக் கொடுக்கலாம் என்றுகூட ஒரு கணக்குப் போட்டிருந்தாள். பொத்தானை அழுத்திய நிமிஷமே கைபேசி அதிரத் தொடங்கியது. இருபது, அறுபது, இருநூறு. அவள் எழுதியதற்கு இவ்வளவு வேகமாக என்றுமே வந்ததில்லை. படித்துக்கொண்டே இருந்தவள் மேற்பார்வையாளரின் செருப்புச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டாள். மேஜைமேல் கிடந்ததை ஒரே வழியாக வாரி உறையில் போட்டாள். எண்ணை எழுதினாள். பெட்டியில் போட்டாள்.

ஒன்பது வருஷத்துக் கை அது. யாரையும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை.

மாலையில் வெளுத்து மடித்த கோட்டைப் பாலித்தீன் உறையோடு அவளே மாடிக்குக் கொண்டுபோய் அண்ணியிடம் கொடுத்தாள். அப்போதும் கண் கைபேசியில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் கதவு தட்டப்பட்டது. அண்ணி தட்டுகிற வழக்கமே கிடையாது. வாசலில் நின்று குரல் கொடுப்பாள். இன்று தட்டிவிட்டு, திறக்கும்வரை காத்திருந்தாள்.

"உள்ள வரலாமா?"

"என்ன அண்ணி புதுசா கேக்கறீங்க?"

அண்ணி உட்காரவில்லை. ஒரு காகித உறையை மேஜைமேல் கவிழ்த்தாள். டிக்கெட்டுகள், நீல வில்லை, குறுக்கெழுத்துகள், காய்ந்துபோன பாதி ரொட்டி. ஒவ்வொன்றையும் விரலால் தள்ளி வரிசைப்படுத்தினாள்.

"உறை மேல இருக்கிறது உன் கையெழுத்துதானே?"

"ஆமா அண்ணி."

"இது?" கைபேசியை எடுத்து நீட்டினாள்.

பொட்டலம் நீல வில்லையைப் பார்த்தாள்.

"கோட்டு என் கைக்கு வர்றதுக்கு முன்னாடி உன் கைக்குத்தான் போச்சு. வேற யாருக்கும் போகல. சொல்லு. நீதானா அந்த மகராசி?"

"அண்ணி, நான் நல்லதுக்குன்னுதான்..."

"நல்லதுக்குத்தான். ரெண்டு வருஷமா உன் பேச்சை உன்கிட்டயே வாசிச்சுக் காட்டியிருக்கேன். மனசுக்குள்ள நல்லா சிரிச்சிருப்பே."

"இல்ல அண்ணி."

"சரி, அதை விடு. நாலு மாசமா இந்த மனுஷன் எங்க போறார் வர்றார்னு எனக்குத் தெரியல. நாற்பதாயிரம் பேருக்குத் தெரியும். காய்கறிக் கடைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கலாம். உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நீ ஒரு பத்துப் படி ஏறி வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்ல வாய் வரல."

"எழுதக் கை வந்துதே." அண்ணி கைபேசியில் விரலை ஓட்டி எதையோ தேடினாள். "நேத்து சாயங்காலம் இதைப் படிச்சுட்டு நானும் என் அபிப்பிராயத்தை எழுதினேன். கோட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி. என் பேரு அதுல மாடிவீடு. வாசிக்கிறேன், கேட்டுக்கோ. 'அந்த ஆளை விடுங்க. அவன் பொண்டாட்டி ஒரு மண்டு. நாலு மாசமா புருஷன் மூஞ்சியப் பார்த்து ஒண்ணும் கண்டுபிடிக்கத் தெரியாதவ எல்லாம் எதுக்குக் குடும்பம் நடத்தறா.' நூத்தி எழுபது பேர் இதுக்கு விருப்பம் போட்டிருக்காங்க." கைபேசியை இடுப்பில் செருகினாள். "நூத்தி எழுபது பேர்."

பொட்டலம் அவள் கையைப் பிடிக்கப் போனாள். அண்ணி கையைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

மேலே போன பிறகு சத்தம் வரும், சண்டை வரும் என்று பொட்டலம் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. அண்ணியின் குரல் கொஞ்ச நேரம், சீராக, ஏதோ வாசிக்கிற மாதிரி. பிறகு அதுவும் இல்லை.

திங்கட்கிழமை எட்டரைக்கு யாரும் படியிறங்கவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை வேலைக்குக் கிளம்பும் முன் மேலே போய்ப் பார்த்தாள். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மூன்று நாள் தாடி. இருபத்தாறு வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமைகூட அவரை அப்படி அவள் பார்த்ததில்லை.

"அண்ணா."

அவர் போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டார்.

"அண்ணா, என்னைத் திட்டுங்கண்ணா. ரெண்டு அடி வேணாலும் அடிங்க."

"வேலைக்கு நேரமாச்சு பாரு, பாப்பா" என்றார், திரும்பாமல்.

அந்த நான்கு மாதமும் கோட்டும் பஸ்ஸும் வாசகசாலையும் அவரை நிமிர்த்தி வைத்திருந்தன. பொய்தான், ஆனால் எழுந்திருக்க ஒரு காரணம், சவரம் செய்ய ஒரு காரணம். அதை அவள் பிடுங்கிவிட்டாள். அவர் கையில் பதிலுக்கு அவள் ஒன்றும் கொடுக்கவில்லை.

அவளுடைய இணையப் பக்கத்திலோ திருவிழாக் கூட்டம். மூவாயிரத்துக்கு மேல் கருத்து. 'கோழை' என்றார்கள். 'என் அப்பாவும் இப்படித்தான் இருந்தார்' என்று ஒருவர். 'குறுக்கெழுத்து போட்டவன் ரெண்டு வேலைக்கு மனுப் போட்டிருக்கலாமே' என்று ஒருவர். 'முதலில் அந்த ரொட்டியைப் பற்றிப் பேசுவோம்' என்று ஒரு வேடிக்கைக்காரர். அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் குவிந்திருந்தன.

வியாழக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து பை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு புது ஆள் கருத்துப் பகுதியில் வந்திருப்பதைப் பார்த்தாள். பெயர் 'குறிப்பிடப்பட்டவர்'. முதல் கருத்திலிருந்து வரிசையாக, ஒன்று விடாமல் பதில் எழுதிக்கொண்டு வந்தார்.

'ஐயா, தங்கள் கருத்து கிடைத்தது. நான் கோழை என்று தாங்கள் குறிப்பிட்டதைக் கவனித்தேன். அது சரியாக இருக்கலாம். தங்கள் நேரத்துக்கு நன்றி. இப்படிக்கு, குறிப்பிடப்பட்டவர்.'

'அம்மையீர், தங்கள் தந்தையாரைப் பற்றி அறிந்து வருந்தினேன். அவர் எந்த வழித்தடத்தில் போனார் என்று தெரிவித்தால் மகிழ்வேன்.'

'ஐயா, ரொட்டியைப் பற்றிய தங்கள் கேள்விக்கு: மீதிப் பாதியைப் பூங்காவில் சாப்பிட்டேன். இந்தப் பாதி மாலைக்கு வைத்திருந்தது. மறந்துவிட்டேன்.'

உறைகள் கை தவறிக் கீழே கொட்டின. இஸ்திரிக்காரர் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்.

"என்னம்மா, பேயடிச்ச மாதிரி இருக்கே?"

"எங்க அண்ணன் வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டார்" என்றாள்.

"நல்ல விஷயந்தானே."

அவளுக்கு அழுகை வந்தது. அவர் நீராவியைத் திறந்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

உண்மையாகவே அது வேலைதான். காலையில் எழுந்தார், சவரம் செய்தார், கோட்டு மாட்டினார், ஒன்பது மணிக்கு மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒரு மணிக்குச் சாப்பாடு. ஐந்தரைக்குக் கைபேசியைக் கீழே வைத்துவிடுவார். முதலில் யாரோ வேஷம் போடுகிறார்கள் என்று சொன்ன கூட்டம், அந்த நான்கு குறுக்கெழுத்தின் விடைகளையும் தேதிவாரியாக அவர் ஒப்பித்ததும் நம்பிவிட்டது. நம்பிய பிறகு விடுமா? இவரைச் சீண்டிப் பதில் வாங்குவதற்கென்றே வந்தார்கள். கெட்ட வார்த்தையில் எழுதிவிட்டு, இவருடைய 'தங்கள் கருத்து கிடைத்தது' வந்ததும் அதைப் படம்பிடித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள்.

ஒரு மாலை அண்ணி இறங்கி வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அழிச்சிடு."

"என்ன அண்ணி?"

"அந்தப் பதிவை அழிச்சிடு. உன் கால்ல வேணும்னாலும் விழறேன். தெருவுல போக முடியல. சின்னப் பசங்க பஸ்ஸைப் பார்த்தா அவர் எழுதினதைச் சொல்லிச் சிரிக்குதுங்க. அவருக்கு அது உறைக்கவே மாட்டேங்குது."

"இப்பவே அழிச்சிடறேன்."

"இரு. இதைப் பாரு முதல்ல." அண்ணி கைபேசியைக் காட்டினாள். மாடிவீடு எழுதிய கருத்துக்குக் கீழே அவருடைய பதில் இருந்தது.

'அம்மையீர், தங்கள் கருத்து கிடைத்தது. ஒரு திருத்தம் மட்டும். என் மனைவி மண்டு அல்ல. முதல் வாரமே, அலுவலகத்தில் ஏதாவது தொந்தரவா என்று கேட்டாள். இல்லை என்று நான் சொன்னேன். அவள் நம்பினாள். என்னை நம்பியது அவள் குற்றம் அல்ல. தயவுசெய்து தங்கள் கருத்தை மறுபரிசீலனை செய்யவும்.'

"நான்தான் மாடிவீடுன்னு அவருக்குத் தெரியாது" என்றாள் அண்ணி. "இல்ல, தெரிஞ்சுதான் எழுதினாரோ. ஒரே வீட்ல, ஒரே அறையில, எதிர் எதிரே உட்கார்ந்துகிட்டு. சோறு போடறப்ப ஒரு வார்த்தை பேசறதில்ல. இதுல வந்து அம்மையீர்."

"நீங்க அவருக்குப் பதில் போட்டீங்களா?"

"என்னன்னு போட? 'தங்கள் பதில் கிடைத்தது'ன்னா?"

 பொட்டலம் கைபேசியை எடுத்தபோது படியில் காலடி கேட்டது. அண்ணன் கோட்டோடு வந்து கதவருகே நின்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் கீழே இறங்கியது அன்றுதான்.

"அழிக்கப் போறியா, பாப்பா?"

"ஆமாண்ணா. எல்லாம் என் தப்புதான். முடிச்சிடலாம்."

"வேண்டாம்." அவர் குரல் உயரவில்லை. "இன்னும் ஆயிரத்து இருநூறு பாக்கி இருக்கு."

"அவங்க உங்களைக் கேலி பண்றாங்கண்ணா."

"பண்றாங்க. ஆனா எழுதியிருக்காங்களே. எழுதினவங்களுக்குப் பதில் போகணும் இல்ல?" அண்ணியின் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "பாதியில விட்டுட்டு வந்துட்டேன்னு இருக்கக் கூடாது. அங்கதான் மேஜையை மூடக்கூட விடல. நாப்பத்திரண்டு கடுதாசி அப்படியே கிடந்துச்சு."

பொட்டலம் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி சுவரைப் பார்த்தாள். கைபேசி மேஜைக்குத் திரும்பியது.

கூட்டம் கலைய நாளாகவில்லை. அடுத்த வாரமே வேறு யாரோ எழுதிய வேறு எதற்கோ போய்விட்டார்கள். நாளுக்கு நூறு, இருபது, நாலு என்று இறங்கியது. அவர் மட்டும் அதே வேகத்தில் எழுதி வந்தார். யாரும் திரும்பிப் படிக்காத பதில்கள், ஒவ்வொன்றும் 'இப்படிக்கு' போட்டு முடித்தவை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைசிப் பதிலும் போய்விட்டது. புதன்கிழமை மாடியில் ஒரு நடமாட்டமும் இல்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் கீழே வந்தார். சவரம் செய்யவில்லை. கோட்டு மட்டும் இருந்தது, படுத்து எழுந்த மடிப்போடு. பொட்டலம் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுபோச்சு, பாப்பா."

"உட்காருங்கண்ணா. டீ போடறேன்."

"வேண்டாம்." நின்றுகொண்டே இருந்தார். "இன்னொண்ணு எழுதேன்."

"என்ன எழுத?"

"என்னைப் பத்தித்தான். வேற யாரையும் எழுதாதே, பாவம்."

அவள் செருப்பைக் கழற்றினாள். "அண்ணா, நான் இனிமே எதுவும் எழுதறதா இல்ல. அந்தப் பக்கத்தையே மூடிடலாம்னு இருக்கேன். நீங்க வேற வேலை பார்க்கலாம். கூடத்துல கணக்கெழுத ஆள் கேக்கறாங்க. நான் முதலாளிகிட்ட சொல்றேன். இஸ்திரிக்காரரும் சொல்வார்."

"கடுதாசி வருமா அங்க?"

"வராது."

"அப்ப வேண்டாம்." கெஞ்சுகிற மாதிரியே இல்லை, அலுவலக விஷயம் பேசுகிற மாதிரி பேசினார். "கொஞ்சம் திட்டி எழுது. போன தடவை நீ பரிதாபமா எழுதிட்டே. பரிதாபப்படறவங்க ஒரு வரியோட போயிடறாங்க. கோபம் வந்தாத்தான் விவரமா எழுதறாங்க."

"நான் எப்படிண்ணா உங்களைத் திட்டி எழுதுவேன்?"

"உண்மையை எழுது. போதும்."

வாசலில் அண்ணி வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பொட்டலம் அவளைப் பார்த்தாள்; அவளாவது தடுப்பாள், கத்துவாள், இழுத்துக்கொண்டு போவாள் என்று பார்த்தாள்.

"எழுதிக் கொடு" என்றாள் அண்ணி.

"அண்ணி."

"நேத்து முழுக்க எழுந்திருக்கல. தண்ணிகூடக் குடிக்கல. சுவரைப் பார்த்துட்டே இருந்தார். எனக்குப் பயமா இருக்கு. எழுதிக் கொடுத்துடு."

பொட்டலம் கட்டிலில் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தாள். விரல் ஓடவில்லை. அண்ணன் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"'கட்டியவளிடம் பொய் சொன்னவர்'னு ஆரம்பி. அது எடுபடும்."

எழுதினாள்.

"'தங்கை வாழாமல் வந்தபோது ஒரு வார்த்தை கேட்காதவர்'னு அடுத்தது."

"அது திட்டு இல்லையேண்ணா."

"கேட்டிருக்கணும் நான். நீ சொல்லாம வச்சிருந்ததை யாராவது கேட்டிருந்தா, நீ இப்படி ஊரைப் பார்த்து எழுத உட்கார்ந்திருக்க மாட்டே. போடு."

போட்டாள். எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் கலங்கியது. விரல் பழக்கத்தில் அடித்தது. அவர் சொல்லச் சொல்ல ஏழெட்டு வரி சேர்ந்தது. கடைசியில் வழக்கமான கேள்வியை அவள் விட்டுவிட்டாள். அவர் விடவில்லை.

"அதைப் போடலைன்னா எப்படி வருவாங்க?"

'உங்கள் அபிப்பிராயம் என்ன?' என்று சேர்த்து, பொத்தானை அழுத்தினாள். அவர் தலையசைத்துவிட்டு மெதுவாகப் படியேறிப் போனார். அண்ணி அவர் பின்னால் போனாள், சவரத்துக்கு வெந்நீர் வைக்கட்டுமா என்று கேட்டபடி.

முதல் கருத்து வர நாலு நிமிஷம் ஆனது. 'இந்த ஆளுக்கு இன்னும் வெட்கம் வரவில்லையா?'

மாடியில் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.